சின்ன ஊருக்குப் போகலாமா?

(எமது நிலையத்தில் புதிதாக வந்தவர்களுக்காக நடத்திய தகவல் மாலையில், தாதியாக வேலை செய்யும் தொண்டர் ஒருவர் ஆற்றிய உரை. பேசிய நடையிலேயே தருகிறோம். உரையில் வரும் குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விபரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)



இன்றைக்கு ஒரேயொரு கேள்வியைப் பற்றித்தான் கதைக்கப் போறன். கொஞ்ச நாளைக்கு முன்னர் ஒரு குடும்பம் இந்த நிலையத்துக்கு வந்தது. பர்மாத் தமிழர். யாங்கோன் நகரத்தில் பசுந்தாங் என்ற இடம். மனைவி தாதி, அவர்கள் பேச்சில் நர்ஸ். 2021 பெப்ரவரியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, அரச வைத்தியசாலைகளின் வைத்தியர்களும் தாதிமாரும்தான் முதலில் வேலைக்குப் போகமாட்டோம் என்று வெளியே வந்தவை. அந்தப் பிள்ளையும் அதில் ஒருத்தி. பிறகு என்ன நடந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. இங்கே இருக்கிற ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு 'பிறகு' இருக்கு.

கணவர், கணவரின் தாயார், 15 வயது மகன், 6 வயது மகள். ஐந்து பேரும் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்றில் இருக்கினம். வாடகை கட்டினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அந்தப் பிள்ளை ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் நாலு ஊர்ப் பெயர் எழுதிக்கொண்டு வந்திருந்தா. நோர்த் பே, டிமின்ஸ், எலியட் லேக், அன்ரிகொனிஷ்.

"அக்கா, சின்ன ஊர்ல நர்ஸுக்குத் தட்டுப்பாடாம். வாடகையும் கம்மியாம். இதுல எந்த ஊருக்குப் போறது நல்லது?" என்று கேட்டா.

நான் ஊர்ப் பெயர் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது இதுதான்: தாதியை வைத்து ஊரைத் தெரிவு செய்யாதேங்கோ. உரிமம் உள்ள தாதிக்குப் பெரும்பாலான சின்ன ஊர்களில் வேலை இருக்கும். குடும்பத்தில் ஆகக் கஷ்டப்படப் போகிறவர் யாரோ, அவரை வைத்துத்தான் ஊரைத் தெரிவு செய்ய வேண்டும். ஏனென்றால் ஒரு வருடத்தில் குடும்பம் பெட்டி கட்டித் திரும்பி வாறது அவராலேதான்.

ஆனால் ஊரைப் பற்றிக் கதைக்க முதல் முடிக்கவேண்டிய வேலை இரண்டு இருக்கு. அதை முதலில் சொல்லுறன்.

முதலாவது: உங்கட கோரிக்கை

அகதிக் கோரிக்கை கொடுத்தவர் கனடாவில் எங்கேயும் வாழலாம். இந்த ஊரில்தான் இருக்கவேண்டும் என்று பொதுவாகச் சட்டம் சொல்வதில்லை. ஆனால் முகவரி மாறினால் உடனே அறிவிக்கவேண்டும். அகதிகள் சபை, குடிவரவுத் திணைக்களம், எல்லைச் சேவைகள் முகவரகம் ஆகிய மூன்று இடத்துக்கும் அறிவிக்கவேண்டும். ஒன்றுக்குச் சொன்னால் மற்றதுக்குத் தானாகப் போகும் என்று நினைக்கவேண்டாம். விசாரணைத் திகதிக் கடிதம் பழைய முகவரிக்குப் போய், நீங்கள் போகாமல் விட்டால், கோரிக்கையைக் கைவிட்டவர் என்று சபை முடிவு செய்யலாம். அதற்குப் பிறகு எங்கட கதையைக் கேட்க ஆள் இல்லை.

இரண்டாவது, உங்கட சட்டத்தரணி. ஒன்ராறியோ சட்ட உதவியில் வழக்கு நடக்கிறது என்றால், வேறு மாகாணத்துக்குப் போக முதல் அவரிடம் கேளுங்கோ. சட்ட உதவி மாகாணத்துக்கு மாகாணம் வேறு. ஒன்ராறியோவுக்கு உள்ளே மாறுவதென்றாலும், சமூக உதவிப் பணம் எடுக்கிறவர்கள் கோப்பைப் புதிய இடத்து அலுவலகத்துக்கு மாற்றவேண்டும். ஒரு மாதம் இடைவெளி விழுந்தால் அந்த மாத வாடகை விழும். விசாரணைகள் இப்போது பெரும்பாலும் கணினித் திரை வழியாகவே நடக்கின்றன. அதனால் தூர ஊரில் இருந்தும் தோன்றலாம். ஆனால் நல்ல இணைய இணைப்பும் சத்தமில்லாத ஒரு அறையும் வேண்டும்.

இன்னொரு விசயம். "சின்ன ஊருக்குப் போனால் நிரந்தர வதிவிடம் சுகமாகக் கிடைக்கும், அகதிக் கோரிக்கை தேவையில்லை" என்று காசு வாங்கிக்கொண்டு சொல்கிற ஆட்கள் இருக்கினம். 2025 ஜனவரியில் 14 சமூகங்களுக்காக ஒரு கிராமப்புறக் குடிவரவுத் திட்டம் தொடங்கினது உண்மை. நோர்த் பே, டிமின்ஸ், சட்பரி, தண்டர் பே எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தவைதான். ஆனால் அது வேலை வழங்குநரின் கடிதமும் சமூகத்தின் பரிந்துரையும் கேட்கிற பொருளாதாரத் திட்டம். அந்த ஊரில் வீடு எடுத்தால் கிடைக்கிற சாமான் இல்லை. அதை நம்பிக் கோரிக்கையை மீளப் பெறவேண்டாம். மீளப் பெற்றவர் திரும்ப ஒரு கோரிக்கை கொடுக்க முடியாது. கையெழுத்து வைக்க முதல் சட்டத்தரணியிடம் காட்டுங்கோ.

இரண்டாவது: உங்கட தாதி உரிமம்

கனடாவில் தாதி உரிமம் மாகாணம் கொடுப்பது. ஒன்ராறியோவில் தாதியர் கல்லூரி என்று ஒன்று இருக்கு. பெயரைப் பார்த்துப் படிக்கிற இடம் என்று நினைக்கவேண்டாம், அது உரிமம் வழங்குகிற சபை. பதிவுத் தாதி ஆக வேண்டுமென்றால் என்கிளெக்ஸ் என்ற சோதனை எழுதவேண்டும். 2015இல் இருந்து ஒன்ராறியோவில் இதுதான் சோதனை. ஆங்கிலத் தகமையும் காட்டவேண்டும். ஐஈஎல்டிஎஸ் எழுதலாம், அல்லது தாதிமாருக்கென்றே கனடாவில் உருவாக்கிய செல்பான் எழுதலாம். வேலை அனுமதிப் பத்திரம் உள்ளவர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். நிரந்தர வதிவிடம் வரும்வரைக்கும் சும்மா காத்திருக்கத் தேவையில்லை.

வேலை அனுமதிப் பத்திரத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கிற நிபந்தனைகளை வாசியுங்கோ. மருத்துவப் பரிசோதனை முடிக்காதவர்களுக்கு, சுகாதாரத் துறையில் வேலை செய்யக்கூடாது என்று போட்டிருக்கலாம். அப்படி இருந்தால் பரிசோதனையை முடித்து அந்த வரியை எடுக்க விண்ணப்பிக்கவேண்டும்.

இப்ப சொல்லப்போறதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கோ. உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது, உங்கட நாட்டுத் தாதியர் சபையில் இருந்து பதிவை உறுதி செய்யும் கடிதம் கேட்பார்கள். மற்றத் தாதிமாருக்கு அது ஒரு கடிதம் மட்டும். உங்களுக்கு அப்படி இல்லை. நீங்கள் எந்த அரசிடம் இருந்து ஓடி வந்தீர்களோ, அந்த அரசின் மேசைக்கு "நான் கனடாவில் இருக்கிறன்" என்று நீங்களே எழுதிப் போடுவது மாதிரி அது. ஊரில் தாய் தகப்பன், சகோதரம் இருக்கினம். கனடாவின் அகதிகள் சபை உங்கட விபரத்தை உங்கட நாட்டுக்குச் சொல்லாது. நீங்களே சொல்லிவிடாதேங்கோ.

பசுந்தாங் பிள்ளை அந்தக் கடிதத்தை எழுதி, முத்திரையும் ஒட்டி, கைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் எங்களிடம் வந்தவ. நல்ல காலம், தபாலில் போடவில்லை. ஒன்ராறியோவில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கு. தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் ஒருவர் ஆவணம் எடுக்க முடியாவிட்டால், அதற்குப் பதிலாக எதை ஏற்கலாம் என்று உரிமம் வழங்கும் சபை சொல்லவேண்டும். ஆகவே முதலில் சட்டத்தரணியிடம் கேளுங்கோ. பிறகு கல்லூரிக்கு எழுதி, அந்தச் சபையைத் தொடர்புகொள்வது ஆபத்து, வேறு என்ன தரலாம் என்று கேளுங்கோ. சான்றிதழ்ப் பிரதி, சம்பளத் துண்டு, வைத்தியசாலை அடையாள அட்டை, கூட வேலை செய்தவரின் கடிதம் என்று கையில் உள்ள எல்லாத்தையும் சேர்த்து வையுங்கோ. பழைய போனில் இருக்கிற படங்களையும் அழிக்காதேங்கோ.

எந்த மாகாணம் என்பதும் இதில் முக்கியம். 2023இல் நோவா ஸ்கோஷியா ஏழு நாடுகளின் தாதிமாருக்கு விரைவு வழி திறந்தது. அதில் இந்தியா இருந்தது. இலங்கையும் மியன்மாரும் இல்லை. தமிழ்நாட்டில் படித்துப் பதிவு செய்த தாதிக்கு ஒரு வழி, யாழ்ப்பாணத்திலோ யாங்கோனிலோ படித்தவருக்கு இன்னொரு வழி. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரிவந்தது எங்களுக்குச் சரிவரும் என்று நம்பி பஸ் ஏறக்கூடாது.

உரிமம் வரும்வரைக்கும் முதியோர் இல்லங்களில் பராமரிப்பாளர் வேலை, இங்கே பி.எஸ்.டபிள்யூ என்று சொல்வது, செய்யலாம். வெளிநாட்டில் தாதியாகப் படித்தவர்களை ஏற்கிற இல்லங்கள் இருக்கு. அதைத் தாழ்வு என்று நினைக்கவேண்டாம். இந்த நாட்டு நோயாளி எப்படிக் கதைப்பார், அறிக்கை எப்படி எழுதுவது, மருந்துக்கு இங்கே என்ன பெயர் என்று பழக அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

இப்ப ஊர்

சரி, இந்த இரண்டும் ஒழுங்கு. இனி ஊருக்கு வருவம். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி போடுங்கோ.

தாதிக்குக் கேள்வி: இரவு வேலை முடிந்து எப்படி வீட்டுக்கு வருவீர்கள்? ரொறன்ரோவில் இரவு பஸ் ஓடும். சின்ன ஊரில் மாலையோடு நின்றுவிடலாம். அதனால் கார் இல்லாமல் சின்ன ஊர் இல்லை. ஒன்ராறியோவில் புதிதாகத் தொடங்குகிறவர் ஜி1 எழுதி 12 மாதம் காத்திருக்கவேண்டும், அங்கீகரித்த பயிற்சிப் பள்ளியில் படித்தால் 8 மாதம். ஆகவே இன்றைக்கே ஜி1 எழுதுங்கோ. ஊரைப் பிறகு பார்க்கலாம்.

கணவருக்குக் கேள்வி: அந்த ஊரில் வைத்தியசாலையைத் தவிர வேறு என்ன இருக்கு? கணவர் அங்கே அரிசி மொத்தக் கடையில் கணக்கு எழுதினவர். எலியட் லேக்கில் வீடு மலிவு என்று அவர்தான் கண்டுபிடித்தவர். ஏன் மலிவு என்று நான் சொன்னேன். அது யுரேனியச் சுரங்கத்துக்காகவே 1950களில் கட்டின ஊர். 1990களில் சுரங்கங்கள் மூடினவுடன் வேலை போச்சு, வீடுகள் வெறுமையாச்சு. பிறகு ஓய்வு பெற்றவர்களை அழைத்துக் குடியேற்றி ஊர் தப்பினது. ஓய்வு பெற்ற ஊரில் தாதிக்கு வேலை இருக்கும். கணக்கு எழுதுகிறவருக்கு?

இதைச் சொல்லும்போது பாட்டியம்மா, அதுவரைக்கும் பேசாமல் இருந்தவ, வாய் திறந்தா. 1964இல் நே வின் அரசாங்கம் கடைகளை எல்லாம் அரசுடைமை ஆக்கினபோது அவவுக்கு 7 வயது. சித்தப்பா குடும்பம் பசுந்தாங்கை விட்டு மெட்ராசுக்குக் கப்பல் ஏறிப் போச்சு. அந்தக் காலத்தில் அப்படி இலட்சக்கணக்கான இந்தியர் பர்மாவை விட்டுப் போனவை. தமிழ்நாட்டில் அரசாங்கம் காட்டின இடத்தில் சிலருக்கு இருப்புக் கொள்ளவில்லை. திரும்பப் பர்மாவுக்கே போவம் என்று தரைவழியாக நடந்தார்கள். எல்லையில் மறித்தார்கள். மறித்த இடத்துக்குப் பக்கத்தில், மணிப்பூரில் மோரே என்ற ஊரில், அப்படியே குடியேறினார்கள். கோயில் கட்டினார்கள், தமிழ்ப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். எல்லை வியாபாரத்தில் நன்றாக வாழ்ந்தார்கள்.

"எங்க சித்தப்பா மோரேயில கடை வச்சு நல்லா இருந்தாரு. ஆனா அந்த ஊருக்கு அந்த எல்லைக் கதவு ஒண்ணுதான் சோறு போட்டுது. கதவைச் சாத்தினா அடுப்பு எரியாது. சண்டை வந்தப்ப பாதிப் பேரு மெட்ராசுக்கே திரும்பிட்டாங்க," என்றா பாட்டி.

1990களில் அங்கே இனமோதல் வந்தது, பலர் வெளியேறினார்கள். 2023இலும் மணிப்பூர் எரிந்தபோது மோரேயும் எரிந்தது. ஒரே தொழிலை நம்பின ஊரைப் பற்றி நான் அரை மணித்தியாலம் சொல்ல இருந்ததைப் பாட்டி நாலு வசனத்தில் சொல்லி முடித்தா. எந்த ஊரைப் பார்த்தாலும் கேளுங்கோ: இங்கே சோறு போடுகிற கதவு எத்தனை? வைத்தியசாலை, கல்லூரி, அரச அலுவலகம், தொழிற்சாலை என்று குறைந்தது மூன்றாவது இருக்கவேண்டும்.

மகனுக்குக் கேள்வி: இன்னும் எத்தனை வருடப் பள்ளிக்கூடம்? 15 வயதுப் பிள்ளை இப்பதான் ஒரு நண்பனைப் பிடித்திருக்கிறான். நடு ஆண்டில் மாற்றவேண்டாம். புதிய பள்ளியில் ஆங்கிலம் இரண்டாம் மொழி வகுப்பு இருக்கா என்று தொலைபேசியில் கேளுங்கோ. 6 வயது மகளைப் பற்றிக் கவலைப்படவேண்டாம். அவள் ஆறு மாதத்தில் உங்களுக்கு ஆங்கிலம் திருத்துவாள்.

பெரியவர்களின் ஆங்கில வகுப்பிலும் ஒரு சிக்கல் இருக்கு. மத்திய அரசின் லிங்க் வகுப்பு கோரிக்கை முடிவாகாதவர்களுக்கு இல்லை. ஒன்ராறியோவில் பள்ளிச் சபைகள் நடத்துகிற வகுப்புகளில் நீங்கள் சேரலாம். சில சின்ன ஊர்களில் லிங்க் மட்டும்தான் இருக்கும். குடியேற்ற உதவி நிலையங்களும் அப்படித்தான், மத்திய அரசின் காசில் நடப்பவை பெரும்பாலும் கோரிக்கையாளருக்கு உதவ முடியாது. "நாங்கள் இன்னும் கோரிக்கையாளர், எங்களைச் சேர்ப்பீர்களா?" என்று போக முதலே கேளுங்கோ.

பாட்டிக்குக் கேள்வி: காலை 8 மணியில் இருந்து மாலை 5 மணிவரை யாரோடு கதைப்பீர்கள்? இதுதான் ஆகக் கஷ்டமான கேள்வி. அவவுக்குத் தமிழும் பர்மியமும்தான் தெரியும். நீரிழிவுக்கு மருந்து எடுக்கிறா. இடைக்கால மத்திய சுகாதாரத் திட்டம் நாடு முழுக்கச் செல்லும், ஆனால் அதில் பதிவு செய்த வைத்தியரும் மருந்துக் கடையும்தான் ஏற்பார்கள். ஸ்காபரோவில் ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று. சின்ன ஊரில் இருக்கிற இரண்டு கடையும் இல்லை என்று சொன்னால்?

அன்ரிகொனிஷைப் பற்றியும் கேட்டார்கள். 5,000 பேர்கூட இல்லாத ஊர். சிரியாவில் இருந்து வந்த ஹதாத் குடும்பம் அங்கே சொக்கலேற் தொழில் தொடங்கி நாடு முழுக்கப் பெயர் எடுத்தது. உண்மைதான், சந்தோசமான கதைதான். ஆனால் அவர்களை ஊர்க்காரரே குழுவாகச் சேர்ந்து பொறுப்பெடுத்து அழைத்தவர்கள். அப்படி வருகிறவர்கள் நிரந்தர வதிவிடத்தோடு இறங்குவார்கள், கூட நிற்க ஆட்கள் இருப்பார்கள். நாங்கள் அப்படி வரவில்லை. அடுத்தவரின் வெற்றியைப் பார்க்கும்போது, அவருக்கு என்ன கைத்தடி இருந்தது என்றும் பாருங்கோ.

எங்கட கதையும் ஒரு சின்ன ஊரில்தான் தொடங்கினது. 1986 ஆகஸ்டில் நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகில் தத்தளித்த 155 தமிழரைக் காப்பாற்றினது கஸ் டால்ரன் என்ற மீனவக் கப்டனும் அவரைப் போன்ற மீனவரும்தான். அந்த மக்கள் அன்பாகத்தான் இருந்தார்கள். இருந்தும் எங்கட ஆட்கள் மிகப் பெரும்பாலும் சில நாட்களில் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் போனார்கள். அதைப் பிழை என்று நான் சொல்லமாட்டன். சொந்தமும் பாசையும் இருக்கிற இடத்துக்கு மனம் போகும். அன்பு மட்டும் ஒருவரை ஒரு ஊரில் இருத்தாது. அதனால்தான் பாட்டியின் கேள்வியைக் கடைசியில் வைத்தேன். ஆனால் முடிவு எடுக்கும்போது அதை முதலில் வையுங்கோ.

போய்ப் பாருங்கோ

கோடையில் பார்த்து ஊரைத் தெரிவு செய்யாதேங்கோ. ஏரியும் மரமும் எல்லாருக்கும் பிடிக்கும். பனிக் காலத்தில் இரண்டு நாள் போய் நில்லுங்கோ. வீட்டில் இருந்து வைத்தியசாலைக்கு நடந்து பாருங்கோ. பலசரக்குக் கடையில் அரிசி என்ன விலை என்று பாருங்கோ. நூலகத்தில் போய், புதிதாக வந்தவர்கள் எங்கே கூடுவார்கள் என்று கேளுங்கோ. வாடகைக் காசை ஊருக்குப் போகாமல் யாருக்கும் அனுப்பாதேங்கோ. படம் மட்டும் காட்டிக் காசு பறிக்கிற கூட்டம் நிறைய.

அந்தக் குடும்பம் மார்ச் விடுமுறையில் நோர்த் பேக்குப் போய்ப் பார்த்தது. பஸ்ஸில் ஏறக்குறைய 340 கிலோமீற்றர். 50,000 பேருக்கு மேல் இருக்கிற ஊர். பெரிய வைத்தியசாலை இருக்கு, கல்லூரி இருக்கு, தாதியியல் படிப்பிக்கிற பல்கலைக்கழகமும் இருக்கு. தாதிக்குப் பிடித்தது. கணவருக்கும் பரவாயில்லை. மகன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் உறைந்த ஏரியைப் படம் எடுத்தான். நாங்கள் பாட்டியைக் கேட்டோம்.

"ஊரு நல்லாத்தான் இருக்கு. பேசத்தான் ஆளு இல்ல. இன்னொரு குடும்பம் கூட வந்தா நானும் வர்றேன்," என்றா.

இவ்வளவு காலத்தில் நான் கேட்ட நல்ல பதில் அதுதான். இப்ப அவர்கள் விசாரணை முடியும்வரைக்கும் ஸ்காபரோவில்தான் இருக்கினம். அந்தப் பிள்ளை முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டு சோதனைக்குப் படிக்கிறா. கணவர் ஜி1 எழுதிவிட்டார். கூடப் போக இன்னொரு குடும்பத்தைத் தேடினம். பசுந்தாங்காக இருக்கவேண்டும் என்றில்லை, வவுனியாவாக இருந்தாலும் பாட்டிக்குச் சம்மதம்.

உங்களில் யாருக்காவது இந்த யோசனை இருந்தால், எங்கட நிலையத்துக்கு வாங்கோ. தனித்தனியாகக் கதைப்பம். கதைக்கிற விசயம் வெளியில் போகாது. வரும்போது ஊர்ப் பட்டியல் கொண்டுவரத் தேவையில்லை. வீட்டில் ஆகக் கஷ்டப்படப் போகிறவர் யார் என்று யோசித்து, முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.